பிர்ச் குச்சிகள்

மூக்கடைத்த குரலில் வானொலி அதைச் சொன்னபோது
வெண்டலின் என் அடுப்பருகே உட்கார்ந்து
என் பூட்ஸுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.
வாயில் நான்கு ஆணிகளோடு நிமிர்ந்தான்.
என்னவாம்?
உங்களுக்கு இரண்டு வாரம் கெடு, என்றேன்.
அதற்குள் போய்விட வேண்டும்.
போகாவிட்டால்?
நான் உன்னைச் சுட வேண்டும்.
தலையாட்டிவிட்டு
இடது பூட்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

மூன்று குளிர்காலம்.
அவன் டைரோல் மலைக்காரன், தொப்பியில் ஒரு தகரப் பூ.
நான் இந்த கெமி ஆற்றில் படகு தள்ளியவன்.
பாலம் இருவரும் சேர்ந்து கட்டியது:
மரம் எங்களுடையது, இரும்பு அவர்களுடையது,
வசவு இரண்டு மொழியிலும்.
பனி மூடினால் வழி தெரியாது,
இருபுறமும் பிர்ச் குச்சி நடு என்று
அவனுக்குச் சொன்னது நான்தான்.
குச்சிகளுக்கு நடுவே நடந்தால் வீடு வரும்.

முதலில் அது போரே இல்லை.
எங்கள் மாடுகளும் தையல் இயந்திரங்களும்
சுவீடன் எல்லைக்குப் போக
லாரி தந்தது அவர்கள்தான்.
பிறகு அவர்கள் பின்வாங்குவார்கள்,
ஒருநாள் விட்டு நாங்கள் முன்னேறுவோம்.
தந்திக் கம்பத்தில் காகிதம் குத்தியிருக்கும்:
நாளை ஆறு மணிக்கு வெடி, அதற்கு முன் வராதே.
ஆறரைக்குப் போவோம்.
வானத்தை நாலுமுறை சுட்டுவிட்டுக்
கணக்கில் எழுதிக்கொள்வோம்.

மை காயாத ஒப்பந்தத்தின் புதுக் கூட்டாளிகள்
முட்டாள்கள் இல்லை.
இரண்டு போரில் எங்களை அடித்தவர்கள்.
என் அண்ணன் அர்வோ இன்னும்
அவர்கள் பக்கத்துச் சதுப்பில்தான் கிடக்கிறான்.
தெற்கே ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்து கேட்டார்கள்:
போர் என்கிறீர்களே, பிணம் எங்கே?

கொடுத்தோம்.

அக்டோபரில் காகிதம் வருவது நின்றது.
பாலம் சொல்லாமல் வெடித்தது.
ஊருக்குள் போனபோது ஊர் இல்லை,
புகைபோக்கிகள் மட்டும்
வரிசையில் நிற்கவைத்த பிள்ளைகள் மாதிரி.
என்னுடையதை அதன் விரிசலால் அடையாளம் கண்டேன்.
அங்கிருந்து கிணறுவரை,
இருபுறமும்,
பிர்ச் குச்சிகள்.

அன்றுவரை பனி விழவில்லை.
பனியே இல்லாத தரைக்கு எதற்கடா வழி?

மண்டியிட்டுப் பார்த்தேன்.
அடி சீவி, தலைப்பில் ஒரு விரல் தோல் உரித்து,
நான் காட்டியது போலவே.
நட்டது வெண்டலின், அதில் சந்தேகமில்லை.
எந்த வெண்டலின் என்பதுதான்.
போன செவ்வாய்க்கிழமை
அதே தகரப் பூ வைத்த ஒருவனை நெஞ்சில் சுட்டேன்.
புரட்டி முகம் பார்க்கவில்லை.
நானே அந்த நான் இல்லை,
அவன் மட்டும் எப்படி அவனாக இருப்பான்?

பொறி, என்றார் லெப்டினன்ட்.
நானும் ஆமாம் என்றேன்.
அதை எழுதாமல் விட்டால் இந்தக் கவிதை பொய்.
காட்டோரமாகச் சுற்றினோம்.
முன்னால் போனது இஸ்கோ,
தண்ணீர் தண்ணீர் என்று காலையிலிருந்து நச்சரித்தவன்.
சத்தம் ஒன்றும் பெரிதில்லை,
அலமாரிக் கதவு அறைந்தது போல.
முழங்காலுக்குக் கீழே
அவனுக்கு அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

மே மாதம் ஹெல்வி
சுவீடனிலிருந்து பசுவை நடத்தியே கொண்டுவந்தாள்.
ஆற்று வாசனை பட்டதும் அது கயிற்றை உருவிக்கொண்டது.
கத்தினேன். கல்லெறிந்தேன்.
நேராக, குச்சிகளுக்கு நடுவே,
வயிறு குலுங்க ஓடிக்
கிணற்றடித் தொட்டியில் வாயை வைத்தது.
நெடுநேரம் குடித்தது.

ஏன் இப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாய்,
கேட்டாள் ஹெல்வி.
ஒன்றுமில்லை,
பூட்ஸில் ஒரு ஆணி குத்துகிறது என்றேன்.